அடுப்புப் புகை படிந்த காமிக்ஸைச் சுத்தம் செய்வது எப்படி: மலைநாட்டுக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

மாமாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்ததும் மூக்கில் ஏறியது விறகுப் புகையும் மண்ணெண்ணெயும் ஈரத்துணியும் கலந்த வாசனை. இலங்கை மலைநாட்டில் ஹட்டனுக்கு அப்பால், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான லயத்தில் (லயன் என்றும் சொல்வோம்), அடுப்புக்கு மேலே பரணில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்த பெட்டி. உள்ளே 37 காமிக்ஸ்: முத்து, லயன், ராணி. "லயன்ல இருந்துக்கிட்டுத்தானே லயன் வாசிச்சோம்" என்று மாமா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மேலே கிடந்த இதழின் அட்டையில் பாதி கறுப்பு, பாதி மட்டும் வெளிர். வேறொரு புத்தகம் அதன்மேல் கோணலாகக் கிடந்திருக்கிறது. அது மறைத்த இடம் தப்பித்துக்கொண்டது, மற்ற இடமெல்லாம் கரி.

முத்து காமிக்ஸ் 1972இல் சிவகாசியில் தொடங்கியது. லயனும் ராணியும் 1984இல் வந்தவை. எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளை இறக்குமதி செய்யக் கட்டுப்பாடு இருந்தது. அதனால் அந்தக் காலத்து இதழ்கள் நம் பக்கம் குறைவு. இருப்பவையும் கை மாறிக் கை மாறி, வாடகைக்குப் போய், மழையில் நனைந்து, கம்பளிக்குள் ஒளிந்து வந்தவை. அவற்றைக் கையில் எடுப்பவருக்கு முதலில் தோன்றுவது துடைத்துவிடலாம் என்பதுதான். எனக்கும் அதுதான் தோன்றியது. பஞ்சைக் கொஞ்சமே கொஞ்சம் நனைத்து ஒரு அட்டையின் மூலையைத் துடைத்தேன். மேலே தூளாகக் கிடந்த கரி தண்ணீரோடு சேர்ந்து தாளுக்குள் இறங்கியது. காய்ந்ததும் ஓரத்தில் தேநீர்க் கோப்பை வைத்த தடம் போல ஒரு பழுப்புக் கோடு. அது இன்றைக்கும் இருக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க உலர் முறைதான். தண்ணீர், சவர்க்காரம், ஸ்பிரிட், நெயில் பாலிஷ் ரிமூவர், ப்ளீச் எதுவும் இல்லை. தண்ணீர் தாளை நெளிய வைக்கும், இதழைக் கட்டியிருக்கும் கம்பிப் பின்னைத் துருப்பிடிக்க வைக்கும், அழுக்கை ஓரத்துக்குத் தள்ளிக் கோடு போடும். ஸ்பிரிட் மையைக் கரைக்கலாம். பழைய ஆட்கள் சொல்லும் பாண் துண்டு வைத்தியமும் வேண்டாம். பாணின் எண்ணெயும் மாவும் தாளில் தங்கிப் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் விருந்தாகிவிடும்.

முதல் வேலை: நாளைப் பார்ப்பது

காய்ந்த அறையில் உட்கார்ந்து வேலை செய்பவருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. நமக்கு இதுதான் பாதி வேலை. ஈரம் குடித்த தாள் மெத்தென்று இருக்கும். அதன்மேல் அழிறப்பர் பட்டால் நார் எழும்பும், கரி தேய்ந்து பரவும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பூஞ்சணம் வளர வழி பிறக்கிறது. வட்டவளைப் பக்கம் வருடத்துக்கு 5000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நுவரெலியாவோ 1868 மீற்றர் உயரத்தில் பாதி நாள் பனிமூட்டத்துக்குள் இருக்கும். அங்கெல்லாம் மே முதல் செப்டெம்பர் வரை காமிக்ஸைத் தொடவே வேண்டாம் என்பேன். ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை நல்ல காலம். பண்டாரவளை, பதுளைப் பக்கம் கணக்கு வேறு: அங்கே ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்து கிடக்கும், வடகீழ்ப் பருவமழைதான் நனைக்கும்.

ஒரு சின்ன டிஜிட்டல் ஈரப்பதமானி வாங்கி அறையில் வையுங்கள். 60க்குக் கீழே இறங்கினால் தாராளமாக வேலை செய்யலாம். அது இல்லாதவருக்கு வீட்டுக் கணக்கு ஒன்று உண்டு: உப்புப் போத்தலில் உப்பு கட்டிபட்டு ஈரமாகத் தெரியும் நாளில் பெட்டியைத் திறக்காதீர்கள்.

ஈரமாக இருக்கும் இதழை வெயிலில் போடாதீர்கள். அடுப்பங்கரையிலும் வைக்காதீர்கள். உள் பக்கங்கள் செய்தித்தாள் வகைத் தாள். மரக்கூழில் உள்ள லிக்னின் வெயில் பட்டால் வேகமாகப் பழுப்பாகும், தாள் அப்பளமாகும். காற்றோட்டமான அறையில் மேசைமேல் வெள்ளைத் தாள் விரித்து, இதழை விசிறி போல லேசாகத் திறந்து நிறுத்துங்கள். ஃபேனைச் சுவரைப் பார்த்துத் திருப்பிவிடுங்கள், காற்று மட்டும் சுழலட்டும். இரண்டு மூன்று நாள் ஆகும். பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தால் பிரிக்க அவசரப்படாதீர்கள். காய்ந்ததும் தானாக விடுவது உண்டு. விடாததை இழுத்தால் படம் எதிர்ப் பக்கத்தோடு போய்விடும்.

எது அழுக்கு, எது தாள்

வேலை தொடங்குமுன் ஒவ்வொரு இதழையும் முன்னும் பின்னும் ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு அறையை இருட்டாக்கி, டோர்ச்சை அட்டையின் பக்கவாட்டில் தாழ்வாகப் பிடித்துப் பாருங்கள். மேலே உட்கார்ந்திருக்கும் தூசி, கரி, பூச்சி எச்சம் எல்லாம் நிழல் விழுந்து மேடாகத் தெரியும். அவை போகும். நிழல் விழாத கறை தாளுக்குள் போய்விட்டது. வயதின் பழுப்பு, செந்நிறப் புள்ளிகள், நீர்க்கோடு, எண்ணெய் விரல்தடம், பேனை எழுத்து, கடை முத்திரை, பின்னின் துருக்கறை எல்லாம் இந்த வகை. இவற்றை வீட்டில் எடுக்க முடியாது. எடுக்கப் போனால் தாள் போகும்.

முத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை. மாமாவின் இதழ்களில் பாதியில் ஒரு வாடகைப் புத்தகக் கடையின் ஊதா முத்திரையும் வாசித்தவர்களின் பெயர்களும் இருக்கின்றன. சேகரிப்பவர்களில் சிலர் இதைக் குறை என்பார்கள். எனக்கு அது அந்த இதழின் பிறப்புச் சான்றிதழ். பென்சில் எழுத்து அழியும்தான், ஆனாலும் நான் அழிப்பதில்லை.

பூஞ்சணம் இருந்தால் தனி வரிசை

பச்சை, வெள்ளை, கறுப்புப் பொட்டுகள் பஞ்சு போல எழுந்து, தூரிகை முனை பட்டால் இழுவினால் அது உயிரோடு இருக்கிறது. அந்த இதழை மற்றவற்றிலிருந்து உடனே பிரித்து, மேலே சொன்னபடி காய வையுங்கள், வேறு அறையில். பொலித்தீன் பைக்குள் போட்டு இறுக்கிக் கட்டினால் உள்ளே ஈரம் தங்கி இன்னும் வளரும். தூளாக உதிரும் நிலைக்கு வந்த பிறகுதான் தூரிகை.

அதையும் வீட்டுக்குள் செய்யாதீர்கள். மழையில்லாத நாளில் இஸ்தோப்புக்கு வெளியே, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, N95 முகக்கவசமும் கையுறையும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். சாதாரணத் துணிக் கவசம் போதாது. ஆஸ்துமா உள்ளவர்கள் இந்த வேலையை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒரு காமிக்ஸுக்காக மூச்சுத்திணறி ஆஸ்பத்திரி வாசலில் நிற்க வேண்டாம். அந்தத் தூரிகையை வேறு இதழ்களுக்குத் தொடவும் கூடாது. பூஞ்சணம் விட்ட நிறக்கறை அப்படியே இருக்கும், அதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

வெள்ளிப்பூச்சி, கரப்பான் குட்டி தெரிந்தால் கதை வேறு. நன்றாகக் காய்ந்த இதழைப் பொலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீஸரில் சுமார் −18 டிகிரியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்த பிறகு ஒரு முழு நாள் பையைத் திறக்கக் கூடாது. திறந்தால் குளிர்ந்த தாளின்மேல் பனித்துளி கட்டும். பூச்சி சாகும், பூஞ்சணம் சாகாது.

மேசையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

அகலமான மென்மயிர்த் தூரிகை ஒன்று. ஆட்டுமயிர்த் தூரிகை கிடைத்தால் நல்லது. இல்லாவிட்டால் முகப்பவுடர் பூசும் புதிய பிரஷ் போதும், பாவித்தது வேண்டாம், அதில் எண்ணெய் இருக்கும். வெள்ளை வினைல் அழிறப்பர் இரண்டு: ஸ்டெட்லர் மார்ஸ் பிளாஸ்டிக் போன்றது. இளஞ்சிவப்பு, நீல அழிறப்பர்களில் மணல் போன்ற சொரசொரப்பு இருக்கும், தாளைச் சீவிவிடும். கெமராவுக்குக் காற்றடிக்கும் ரப்பர்க் குமிழ் ஒன்று. வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். புதிய கரட் சீவும் தகடு ஒன்று. எதற்கென்று பின்னால் சொல்கிறேன்.

அப்புறம் புகைக்கரி எடுக்கும் உலர் ரப்பர் ஸ்பாஞ்ச். தீப்பிடித்த வீடுகளின் சுவரைத் துடைக்கச் செய்த பொருள். சமையலறை ஸ்பாஞ்ச் போலத் தெரிந்தாலும் இது வேறு: கெட்டியான, லேசாக ஒட்டுகிற ரப்பர், நனைக்காமலே பாவிப்பது. எங்கள் ஊர்க் கடைகளில் இது கிடைக்கவில்லை, இணையத்தில்தான் தருவித்தேன். புகை படிந்த இதழ் உங்களிடம் இருந்தால் காசு செலவழிக்க வேண்டிய முக்கியப் பொருள் இதுதான்.

கையுறை போட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பூஞ்சணம் இல்லாத இதழுக்கு அது தேவையில்லை. துணிக் கையுறையில் விரல் நுனிக்கு உணர்வு இருக்காது, பக்கம் கிழியும். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்துக்கொண்டால் போதும். கிரீம் பூசாதீர்கள்.

தூரிகை

முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி, எப்போதும் வெளிப்பக்கமாக, மயிரின் எடை மட்டும் படும்படி இழுங்கள். அழுத்தினால் கரித்தூளை நீங்களே நாருக்குள் அடைப்பீர்கள். நடுப்பக்க மடிப்பில் தூசி கூடுதலாக இருக்கும். அங்கே குமிழால் காற்றடித்து, இதழைச் சாய்த்துக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் திறந்து செய்ய வேண்டும். சலிப்பான வேலை. வானொலியைப் போட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கரி: இங்கேதான் பொறுமை

அடுப்புக் கரி மிக நுண்ணியது, கொஞ்சம் எண்ணெய்ப்பசையும் சேர்ந்தது. அதனால் கரி படிந்த இடத்தில் முதலில் அழிறப்பரை வைக்காதீர்கள். மை போல இழுவிவிடும். முதலில் ஸ்பாஞ்ச்.

ஸ்பாஞ்சைத் தீப்பெட்டி அளவுத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். முதல் தொடுதல் தேய்ப்பாக இருக்கக் கூடாது: வை, எடு. மறுபடி வேறு இடத்தில் வை, எடு. மேலே தளர்வாகக் கிடக்கும் கரி இப்படியே வந்துவிடும். ஸ்பாஞ்சின் அடியைத் திருப்பிப் பாருங்கள், முதல் தடவையிலேயே கறுத்திருக்கும். அந்த முகத்தோடு மறுபடி அட்டையைத் தொட்டால் எடுத்ததையே திருப்பிப் பூசுகிறீர்கள். வேறு முகத்தைத் திருப்புங்கள். நாலு பக்கமும் கறுத்தால் கத்தியால் மேல்தோலைச் சீவிவிடுங்கள், உள்ளே புதிது இருக்கும். கழுவிப் பாவிக்கலாம் என்று நினைக்காதீர்கள்.

அடுத்தது தடவல். ஒரே திசையில், நடுவிலிருந்து ஓரத்துக்கு, குழந்தையின் கன்னத்தைத் தடவும் அழுத்தத்தில். மறு கையின் இரண்டு விரல்களால் தாளை அருகிலேயே பிடித்திருங்கள். ஓரத்திலிருந்து உள்நோக்கி வந்தால் கிழிந்த விளிம்பு ஸ்பாஞ்சில் மாட்டி நீளமாகக் கிழியும். எனக்கு ஒரு பின்னட்டை அப்படித்தான் போனது.

மாமாவின் அந்தப் பாதிக் கறுப்பு அட்டைக்கு இரண்டு மாலைகள் ஆயின. முதல் மாலை முடிவில் கறுப்பு சாம்பலானது. இரண்டாவது மாலையில் அட்டையின் மஞ்சள் மெல்ல எட்டிப் பார்த்தது. பாதிக்குப் பாதி வித்தியாசம் இன்னும் தெரியத்தான் செய்கிறது. அங்கே நிறுத்திவிட்டேன். ஸ்பாஞ்சில் கறுப்பு ஏறாமல், சிவப்போ மஞ்சளோ ஏறத் தொடங்கினால் நீங்கள் எடுப்பது மை. அதுதான் நிறுத்த வேண்டிய இடம்.

அழிறப்பர்த் தூள்

கரி போன பிறகு மிஞ்சும் மங்கலான அழுக்குக்குத்தான் கரட் தகடு. வினைல் அழிறப்பரை அதன் நுண்ணிய பக்கத்தில் சீவித் தூளாக்குங்கள். முதலில் சோதனை: அட்டையின் கண்ணில் படாத மூலையில், ஒவ்வொரு நிறத்திலும், உலர்ந்த பஞ்சுக்குச்சியால் இரண்டு தடவை லேசாக உருட்டுங்கள். பஞ்சில் நிறம் வந்தால் அந்த நிறத்தின் பக்கம் அழிறப்பர் போகக் கூடாது. கறுப்பும் கடும் சிவப்பும்தான் பெரும்பாலும் ஏமாற்றும்.

சோதனை தேறினால் ஒரு தேக்கரண்டித் தூளை வெள்ளை ஓரத்தில் தூவி, விரல் நுனியால் சின்னச் சின்ன வட்டமாக உருட்டுங்கள். விரல் தாளைத் தொடவே கூடாது, இடையில் தூள் உருள வேண்டும். வெள்ளைத் தூள் சாம்பலாக மாறும். தூரிகையால் வெளியே தள்ளிவிட்டுப் புதிய தூள் போடுங்கள். மூன்றாவது தடவையும் தூள் வெள்ளையாகவே இருந்தால் இனி எடுக்க ஒன்றுமில்லை.

பளபளப்பான அட்டைக்குத் தூள் அவ்வளவாகப் பிடிக்காது. அதற்கு அழிறப்பரை ஆப்பு போல வெட்டி, அதன் தட்டைப் பக்கத்தால் ஒரே திசையில் மெதுவாக இழுக்கலாம். மடிப்புத் தழும்புகளின் மேல் மட்டும் வேண்டாம். அங்கே மை ஏற்கனவே உதிரக் காத்திருக்கிறது.

உள்பக்கச் செய்தித்தாளில் படத்தின் மேல் அழிறப்பர் தேவையே இல்லை. ஓரத்து வெள்ளையில் தூளால் ஒரு சுற்று, அவ்வளவுதான். தொட்டால் முறியும் அளவுக்குப் பொரிந்த தாள் என்றால் அதுவும் வேண்டாம், தூரிகையோடு விட்டுவிடுங்கள்.

முடிந்ததும் தூள் முழுவதும் வெளியேறியதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். மடிப்பில் தங்கிய வினைல் துணுக்கு நாளாக நாளாகத் தாளோடு ஒட்டிக்கொள்ளும், மையையும் இழுக்கும்.

சில்லறை வேலைகள்

பூச்சி எச்சம் காய்ந்து குமிழாக இருந்தால் மழுங்கிய கத்தி முனையால் பக்கவாட்டில் தட்டிவிடுங்கள். அடியில் உள்ள கறையைச் சுரண்டாதீர்கள். பின் துருப்பிடித்திருந்தால் உதிரும் துருவை மட்டும் தூரிகையால் எடுங்கள். பின்னைப் பிடுங்கிப் புதுப் பின் அடித்தால் விலைமதிப்பு குறையும். பழைய செலோடேப்பைத் தொட வேண்டாம். புதிதாக ஒட்டவும் வேண்டாம்.

சுருண்ட இதழை நேராக்க அயர்ன் பெட்டி எடுக்காதீர்கள். இரண்டு பக்கமும் சுத்தமான வெள்ளைத் தாள், அதன்மேல் தட்டையான பலகை, அதன்மேல் நாலைந்து கனத்த புத்தகங்கள், இரண்டு வாரம். காய்ந்த காலத்தில் மட்டும்.

லேமினேட்? ஒரு கடைக்காரர் "தம்பி, காலத்துக்கும் அழியாது" என்று சொன்னதை நம்பி ஒரு அட்டையைக் கொடுத்தேன். அழியாதுதான், பசையோடு சேர்ந்து அப்படியே இருக்கிறது. இனிப் பிரிக்கவும் முடியாது.

விற்கும் எண்ணம் இருந்தால்

காமிக்ஸைத் தரம் பிரித்துச் சான்று கொடுக்கும் அமெரிக்க நிறுவனமான சிஜிசி, உலர் முறையில் மேலழுக்கை எடுப்பதை மறுசீரமைப்பு என்று கணக்கிடுவதில்லை. நிறம் பூசுவது, கிழிசலுக்குப் புதிய தாள் ஒட்டுவது போன்றவையே அந்தக் கணக்கில் வரும். நம்மூரில் கை மாறும்போது அந்தச் சான்று யாரும் கேட்பதில்லை. இருந்தாலும் என்ன செய்தீர்கள் என்று வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள், முதலில் எடுத்த படத்தையும் காட்டுங்கள். மிக அரிய இதழ் என்றால் கைவைக்காமலே விற்பது நல்லது.

திரும்பவும் பெட்டிக்குள்

மாமாவின் டிரங்கு மறுபடி பரணுக்குப் போகவில்லை. புத்தகக் கடைகளில் விற்கும் மெத்தென்ற பிவிசி உறைகள் வேண்டாம், அதிலுள்ள மென்மையாக்கி மையோடு ஒட்டும். பொலிபுரொப்பிலீன் அல்லது பொலியெஸ்டர் உறை, பின்னால் அமிலமில்லாத மட்டை. சாதாரணச் சாம்பல் நிற மட்டை தானே பழுப்பாகித் தாளையும் பழுப்பாக்கும். உறையின் வாயை ஒட்டாமல் மடித்துவிடுங்கள்.

அலுமாரி உள்சுவரோரம் இருக்கட்டும். வெளிச்சுவர் பனிக்காலத்தில் வியர்க்கும். தரையிலிருந்து இரண்டு செங்கல் உயரம். பெட்டிக்குள் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் பை, நிறம் மாறியதும் எடுத்துச் சூடாக்கிக் காயவைத்து மறுபடி போடுங்கள். பூச்சி உருண்டை தேவையில்லை, அந்த வாசனை தாளை விட்டுப் போகாது, நமக்கும் நல்லதல்ல. மாதம் ஒரு தடவை, உப்புப் போத்தலில் உப்பு உதிரியாக இருக்கும் நாளாகப் பார்த்து, பெட்டியைத் திறந்து அரை மணி நேரம் காற்று வாங்க விடுங்கள். எங்கள் வீட்டில் அது மாமாவின் வேலை. அரை மணி நேரம் என்று சொல்லி உட்காருவார், சாயந்திரம் தேத்தண்ணிக்குக் கூப்பிடும்போது மூன்றாவது இதழில் இருப்பார். கோப்பையை மேசைக்கு அந்தப் பக்கம் வைத்துவிட்டுத்தான் கூப்பிடுகிறோம்.